மழைக்கால ஈரமும் டிரையர் நெருப்பும்: மலை வீடுகள் கவனிக்க வேண்டியவை

நீலகிரியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஜூன் மாதம் பிறந்தால் கூடவே ஒரு கவலையும் பிறந்துவிடும். துவைத்த துணி எப்போது காயும்? கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்தப் பருவம் ஓய்ந்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். அதுவும் முடிந்தால் ஊட்டியில் உறைபனி. காலையில் கொடியில் போட்ட துணி மாலையிலும் போட்டபடியே ஈரமாக இருக்கும்.

பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, மதரஸாவுக்கு அணிந்து செல்லும் ஜுப்பா, கைக்குழந்தையின் துணிகள், பெண்களின் புர்கா, தொழுகைக்கென்று ஒதுக்கிய கைலி என ஒரு வீட்டில் தினமும் சேரும் ஈரத்துணி கொஞ்சமல்ல. இதற்குத் தீர்வாகத்தான் வசதியுள்ள வீடுகள் டிரையர் எனப்படும் துணி உலர்த்தும் இயந்திரத்தை வாங்குகின்றன. வாங்கும்போது விலை கேட்கிறோம், எத்தனை கிலோ பிடிக்கும் என்று கேட்கிறோம், எத்தனை ஆண்டு வாரண்டி என்றும் கேட்கிறோம். இதில் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டா, அதைத் தடுக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நாம் சொல்லும் ‘டிரையர்’ எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இரண்டு தொட்டிகள் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் சிறிய தொட்டியை நாம் டிரையர் என்கிறோம். உண்மையில் அது துணியைக் காய வைப்பதில்லை. வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். அதில் வெப்பம் இல்லை, எனவே நெருப்புப் பயமும் குறைவு. அதன் ஆபத்து வேறு. சுழற்சி முழுதாக நிற்பதற்குள் மூடியைத் திறந்து கையை விட்டால், சுழலும் துணி கையில் சுற்றி இழுத்துவிடும். மூடியைத் திறந்ததும் சுழற்சி நிற்கவில்லை என்றால் பிரேக் பழுதாகியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யும்வரை அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகளை அதன் அருகே விடவே கூடாது.

உண்மையான டிரையர் வெப்பக் காற்றைக் கொண்டு துணியைக் காய வைப்பது. இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, ஈரக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும். இரண்டாவது கண்டென்சர் வகை. இது ஈரத்தைத் தண்ணீராக மாற்றி ஒரு சிறு தொட்டியில் சேர்க்கும் அல்லது வடிகாலில் விடும். மூன்றாவது ஹீட் பம்ப் வகை. இது குறைந்த வெப்பத்தில் வேலை செய்வதால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். துவைப்பதையும் காய வைப்பதையும் ஒரே இயந்திரம் செய்யும் வாஷர் டிரையரும் கடைகளில் கிடைக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலை சொல்லும் பாடம்

டிரையர் வேலை செய்யும் விதம் மலை மக்களுக்குப் புதிதல்ல. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம்தான். தொழிற்சாலையில் முதலில் காற்றோட்டத்தில் கொழுந்தை வாட்டுகிறார்கள். பிறகு அரைத்து, கடைசியில் டிரையரில் சூடான காற்றைச் செலுத்துகிறார்கள். வெளியே வரும் தூளில் 3 விழுக்காடு அளவுக்குத்தான் ஈரம் மிஞ்சும். சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கிய காற்று தடையில்லாமல் வெளியேற வேண்டும். வீட்டு டிரையருக்கும் விதி இதுவே.

இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. தேயிலை காயும்போது மெல்லிய நார்த் தூசு பறந்து சுவரிலும் இயந்திரத்திலும் படியும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் தொழிற்சாலையில் அதை அவ்வப்போது பெருக்கி அகற்றுகிறார்கள். வீட்டு டிரையரிலும் துணி உருளும்போது ஒவ்வொரு முறையும் பஞ்சுத் தூசு உதிர்கிறது. அதைப் பிடிக்கத்தான் உள்ளே ஒரு வலை வைத்திருக்கிறார்கள். வலை அடைத்துக்கொண்டால் காற்று நகராது. காற்று நகராவிட்டால் உள்ளே வெப்பம் ஏறும். வலையைத் தாண்டிய பஞ்சு வெப்பச் சுருளின் பக்கம் சேரும். காய்ந்த பஞ்சு, சூடான கம்பி, காற்று மூன்றும் ஓரிடத்தில் கூடினால் நெருப்புக்கு வேறென்ன வேண்டும்?

இது வெறும் அச்சமல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால் நேர்வதாகக் கணக்கிட்டது. அவற்றுக்கு முதன்மைக் காரணமாக அது சொன்னது, சுத்தம் செய்யாமல் விட்டதைத்தான். பிரிட்டனில் வேர்ல்பூல் நிறுவனத்தின் ஹாட்பாயின்ட், இன்டெசிட் முதலிய பெயர்களில் விற்ற டிரையர்களில், பஞ்சு வெப்பச் சுருளைத் தொட்டுத் தீப்பிடிக்கும் குறை இருப்பதாக 2015இல் அறிவிப்பு வந்தது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. ஒரு வீட்டிலிருந்த டிரையரே காரணம் என்று தீயணைப்புத் துறை கண்டறிந்தது. 2019இல் அத்தகைய டிரையர்களைத் திரும்பப் பெறும் நடவடிக்கை தொடங்கியது. எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். நிறுவனத்தின் எச்சரிக்கை ஏதும் வந்தால் உடனே ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

சுத்தம் செய்யும் முறை

பஞ்சு வலையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை போதும் என்று விட்டுவிடாதீர்கள். துணியை வெளியே எடுத்த கையோடு வலையை உருவி, படிந்த பஞ்சை விரலால் வழித்து எடுத்தால் அரை நிமிட வேலை. துணிக்கு மணமும் மென்மையும் தரும் திரவம் பயன்படுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை வலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். அந்தத் திரவம் வலையில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக் காற்றைத் தடுக்கும். வலை இல்லாமலோ கிழிந்த வலையோடோ ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

குழாய் உள்ள வகையானால் குழாய் உலோகத்தால் ஆனதாக, நீளம் குறைவாக, நசுங்காமல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். குழாயின் வெளிவாயில் பறவை கூடு கட்டியிருக்கிறதா, பஞ்சு அடைத்திருக்கிறதா என்று மழைக்காலம் தொடங்கும் முன் பாருங்கள். குளிருக்கு அறை கதகதப்பாகட்டும் என்று குழாயை அறைக்குள்ளேயே திருப்பி விடக் கூடாது. அந்த ஈரம் முழுவதும் சுவரில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெருந்தொல்லை.

கண்டென்சர் வகையில் ஒவ்வொரு முறையும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். உள்ளே கழற்றக்கூடிய கண்டென்சர் இருந்தால், கையேட்டில் சொன்னபடி மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஹீட் பம்ப் இயந்திரங்கள் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. உறைபனி விழும் இடங்களில் அதைத் திறந்த பால்கனியில் வைக்காதீர்கள்.

ஒருமுறை ஓட்டிக் காயாத துணி இரண்டாம் முறையும் கேட்கிறது, இயந்திரத்தின் மேற்பகுதி வழக்கத்தைவிடச் சுடுகிறது, தீய்ந்த வாடை வருகிறது என்றால் உள்ளே எங்கோ பஞ்சு அடைத்திருக்கலாம். அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மின்சாரத்தில் கவனம்

இந்த இயந்திரங்கள் பலவும் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர். எனவே ஃபேனுக்கும் செல்போனுக்கும் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் இது கூடாது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரே இணைப்பில் கீசரையும் டிரையரையும் சேர்த்து ஓட்டக் கூடாது. பழைய எஸ்டேட் வீடுகளில் குடியிருப்பவர்கள், வயரிங் இந்தச் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்ட பிறகே வாங்குவது நல்லது. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியையும் மெயின் போர்டில் பொருத்துங்கள்.

செலவையும் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் வேண்டும். ஒரு முறை ஓட்ட 3 யூனிட் என்று வைத்தால், மாதம் 15 முறைக்கு 45 யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் இதிலேயே கரைந்துவிடும். ஆகவே வாஷிங் மெஷினில் அதிக வேகத்தில் பிழிந்த பிறகே டிரையரில் போடுங்கள். வாஷர் டிரையரில் துவைக்கும் அளவு 8 கிலோ என்றால் உலர்த்தும் அளவு 5 கிலோவாக இருக்கும். துவைத்த அனைத்தையும் அப்படியே உலர்த்த விட்டால் துணியும் காயாது, இயந்திரமும் கெடும்.

எதைப் போடக் கூடாது?

எண்ணெய் பட்ட துணிதான் முதல் எச்சரிக்கை. சமையல் எண்ணெய் துடைத்த துணியில் துவைத்த பிறகும் எண்ணெய் மிஞ்சும். சூடான நிலையில் குவித்து வைத்தால் அது தானாகவே மேலும் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். நம் மலையின் யூகலிப்டஸ் தைலம் 50 டிகிரிக்கும் குறைவான வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். சளிக்காகத் தைலம் தேய்த்த பிள்ளையின் பனியன், தைலம் தெளித்த கைக்குட்டை, எண்ணெய் அத்தர் ஊறிய துணி ஆகியவற்றை நன்றாகத் துவைத்துக் கொடியில்தான் போட வேண்டும். பெட்ரோல், பெயின்ட், தின்னர் பட்ட துணிகளுக்கும் இதே விதி.

ரப்பர், ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக் உள்ளவையும் கூடாது. மழைக்கோட்டு, ஷூ, அடியில் ஸ்பாஞ்சு வைத்த தொழுகை விரிப்பு எல்லாம் இதில் அடங்கும். கம்பளி ஸ்வெட்டர் சுருங்கிவிடும். பாலியஸ்டர் புர்காவைக் குறைந்த வெப்பத்தில் மட்டும் உலர்த்தலாம். சட்டைப் பைகளில் தீப்பெட்டி, லைட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். குளிருக்கு வீட்டுப் பூனை டிரம்முக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும். குழந்தைகள் ஒளிந்து விளையாடுவதும் உண்டு. கதவை எப்போதும் மூடி வையுங்கள், ஓட்டும் முன் உள்ளே ஒருமுறை பாருங்கள்.

கடைசிச் சில நிமிடங்கள் இயந்திரம் வெப்பமின்றிச் சுற்றித் துணியைக் குளிர்விக்கும். அவசரத்தில் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்த நேர்ந்தால் துணிகளை உடனே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள்.

இரவில் ஓட்டலாமா?

இஷாவுக்குப் பிறகு டிரையரை ஓட விட்டுவிட்டு உறங்கி, சுபுஹுக்கு எழும்போது துணி காய்ந்திருக்கட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. இது தவறு. வீட்டில் யாரும் இல்லாதபோது ஓட விடுவதும் தவறு. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்குச் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. அன்று விளக்குக்கும் அடுப்புக்கும் சொன்னது இன்று டிரையருக்கும் பொருந்தும். விழித்திருக்கும்போது ஓட்டுங்கள், முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள்.

ஒருவேளை டிரையரில் புகை வந்தால் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்று புகுந்து தீ வளரும். தண்ணீர் ஊற்றாதீர்கள். நெருங்காமல் முடிந்தால் மெயினை அணையுங்கள். எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112க்கு அழையுங்கள். மலைப்பாதையில் தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால் அழைப்பதில் தாமதம் கூடாது.

டிரையர் இல்லாத வீடுகளுக்கு

பெரும்பாலான வீடுகளில் டிரையர் இல்லை. அங்கே குமுட்டி அடுப்பில் கரியை மூட்டி, மேலே கூடையைக் கவிழ்த்துத் துணி போடுவதும், ரூம் ஹீட்டரின் மேல் துணி விரிப்பதும் நடக்கிறது. டிரையரைவிட ஆபத்தானது இது. ஹீட்டர் மேல் விழுந்த துணி சில நிமிடங்களில் பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவர் உறக்கத்திலேயே இறந்துவிடுவார். குளிருக்காக அறைக்குள் கரி மூட்டி உயிரிழந்தவர்களின் செய்தி நம் மலைப்பகுதிகளிலிருந்தே வந்திருக்கிறது. கரி அடுப்பை ஜன்னல் திறந்த இடத்திலும் உறங்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

செலவில்லாத வழி உண்டு. துணியை இருமுறை நன்றாகப் பிழியுங்கள். தாழ்வாரத்தில் கொடி கட்டி, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைச் சற்றுத் திறந்து, சற்றுத் தள்ளி ஒரு ஃபேனை ஓட விடுங்கள். கொழுந்தை வாட்டுவது போலக் காற்றே ஈரத்தைக் கொண்டுபோகும். நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் உயிருக்குப் பயமில்லை.

டிரையர் இருக்கிறவர்கள் இன்றைக்கே அந்த வலையை உருவிப் பாருங்கள். கையில் வரும் பஞ்சைப் பார்த்தால், இவ்வளவு நாள் வீட்டுக்குள் எதைச் சேர்த்து வைத்திருந்தோம் என்பது புரியும். அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளையும் பாதுகாப்பானாக.