கல்லீரலில் ஒரு நொதி

கல்வராயன் மலையை ஒட்டிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மெத்தனால் உட்கொண்டவர் முதற்சில மணி நேரம் சாதாரணப் போதையில் இருப்பவர்போலவே தோன்றுவார். வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை பின்னரே தலைகாட்டும். இந்தத் தாமதம் ஏன்?

மெத்தனாலின் நச்சுத்தன்மை தன்னளவில் குறைவே. அதனைக் கொடிய நஞ்சாக்குவது நம் கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி. துத்தநாக அணுவைத் தன் செயல்மையத்தில் கொண்ட இந்நொதி, ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து என்.ஏ.டி. என்னும் துணைநொதியிடம் ஒப்படைக்கிறது. குடலில் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் சிறிதளவு எத்தனாலை அகற்றுவதும் இதன் பணியே. மெத்தனாலைப் பெறும்போதும் அதே பணியைத் தவறாமல் செய்கிறது, விளைவதோ ஃபார்மால்டிஹைடு. மற்றொரு நொதி அதனை விரைந்து ஃபார்மிக் அமிலமாக்குகிறது. மனித உடலால் இவ்வமிலத்தை மெதுவாகவே வெளியேற்ற இயலும். தேங்கும் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தைத் தடுக்க, ஆக்சிஜன் இருந்தும் செல்கள் அதனைப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன. பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுவதும் இதனாலேயே.

இந்நொதியை ஆராய ஒவ்வொரு முறையும் மனிதக் கல்லீரலைத் தேடிச் செல்ல இயலுமா? நொதிக்குரிய மனித மரபணுவைப் பிளாஸ்மிடில் இணைத்து ஈ.கோலை பாக்டீரியாவினுள் செலுத்துகின்றனர். பாக்டீரியா பெருகப் பெருக மனித நொதியும் பெருகுகிறது; பின்பு செல்களை உடைத்து அதனைத் தூய்மைப்படுத்துகின்றனர். இதுவே மறுசேர்க்கை நொதி. இதனுடன் ஆல்கஹாலையும் என்.ஏ.டி.யையும் சேர்த்தால், உருவாகும் என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும். உறிஞ்சும் அளவு கூடும் வேகமே நொதியின் வேகம். ஒரு மருந்து நொதியைத் தடுக்கிறதா என்பதையும் இவ்வாறே அறியலாம்.

மெத்தனாலைவிட எத்தனாலையே இந்நொதி பன்மடங்கு விரும்பிப் பற்றுகிறது. ஆகவே மருத்துவர்கள், இரத்தத்தில் உள்ள அளவைக் கண்காணித்துக்கொண்டு, எத்தனாலை மருந்தாகச் செலுத்துவதுண்டு. சாராயத்தைச் சாராயமே முறிக்கும் என்று எவரும் இதற்குப் பொருள்கொண்டுவிடக் கூடாது! நொதியின் செயல்மையத்தையே அடைத்துக்கொள்ளும் ஃபோமெபிசோல் அதனினும் பாதுகாப்பானது. மெத்தனால் நஞ்சேற்றத்திற்கு அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. நொதி தடுக்கப்பட்டபின், மாற்றமடையாத மெத்தனால் மூச்சின் வழியும் சிறுநீரின் வழியும் மெல்ல நீங்கும். இரத்தச் சுத்திகரிப்பு அதனை விரைவுபடுத்தும்.

ஆனால், நொதியைத் தடுக்கும் மருந்து முன்பே உருவாகிவிட்ட ஃபார்மிக் அமிலத்தை ஒன்றும் செய்வதில்லை. அதனைச் சிதைக்க ஃபோலினிக் அமிலமும், அகற்ற இரத்தச் சுத்திகரிப்பும் வேண்டும். மருத்துவமனையை அடையத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது.