மூளையைக் கேட்காமல் நடக்கும் கால்

வத்தளையிலிருந்து ஹெந்தளைக்குள் திரும்பும் வீதியில் பஸ்ஸும் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று உரசாத குறையாகப் போகும். ஹமில்டன் கால்வாய்க் கரையிலும் திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்துப் பக்கமும் மீன் தலைக்காகக் காத்துக் கிடக்கும் கட்டாக்காலி நாய்களுக்கும் அதே வீதிதான் வழி. அடிபடுகிற நாய்கள் எல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போவதில்லை. சிலது முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாகத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு மதிலோரம் ஒதுங்கிவிடும். பார்த்தவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "இடுப்பு உடைஞ்சு போச்சு, இனி இது தப்பாது."

அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் பிழையாகிப்போகிறது. உடைந்தது இடுப்பெலும்பு மட்டும்தான் என்றால் அது நல்ல செய்தி. அதைச் சுற்றித் தடித்த தசை இருப்பதால், எலும்பு பெரிதாக விலகாவிட்டால், நாயை ஒடுக்கமான கூட்டில் ஓரிரு மாதம் ஓடாமல் பாயாமல் வைத்திருந்தாலே எழுந்து நடப்பவை பல. முள்ளந்தண்டு முறிந்து, அதற்குள் ஓடும் முண்ணாண் நசுங்கியிருந்தால்தான் சிக்கல் பெரிது. அப்போதுகூட அந்த நாயின் பின்னங்கால்களைப் பற்றி நாம் நினைத்துக்கொள்வது முழுக்கச் சரியில்லை.

நாயின் முதுகில் நெஞ்சுப் பகுதியில் 13 முள்ளெலும்புகளும் நாரிப் பகுதியில் 7 முள்ளெலும்புகளும் இருக்கின்றன. விலாவெலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கும் பகுதி முடிந்து, வளையக்கூடிய பகுதி தொடங்கும் சந்தி வாகனம் மோதும்போது எளிதில் முறிந்துவிடும். முறிவுக்கு முன்னால் இருக்கும் முன்னங்கால்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பின்னங்கால்களுக்கு மூளையின் கட்டளை வராது. அவற்றின் வலியும் தொடுகையும் மூளைக்குப் போகாது. ஆனாலும் முறிவுக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் முண்ணாண் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்புக் கலங்கள் உயிரோடு இருக்கின்றன, கால் தசைகளோடு அதற்குள்ள தொடர்பும் அறுபடவில்லை.

அந்த மிச்சத் துண்டால் என்ன செய்ய முடியும்? வீட்டு நாயின் விலாவைச் சொறிந்து பாருங்கள். ஓர் இடத்தில் விரல் பட்டதும் பின்னங்கால் தானாகத் துடித்து வெறும் காற்றைச் சொறியத் தொடங்கும். நாய் அதை யோசித்துச் செய்வதில்லை. பிரித்தானிய உடலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் இந்த ஒரு அசைவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். கழுத்துப் பக்கமாக முண்ணாண் துண்டிக்கப்பட்டு மூளையோடு தொடர்பே இல்லாத நாய்களிலும் இந்தச் சொறிதல் தாளம் தவறாமல் நடந்ததை 1906 இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதினார். 1932 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1911 இல் தோமஸ் கிரஹாம் பிரவுண் இன்னொரு படி போனார். அவர் பூனைகளில் முண்ணாணைத் துண்டித்ததோடு, காலிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்புகளையும் வெட்டினார். மேலிருந்து கட்டளையும் இல்லை, கீழிருந்து செய்தியும் இல்லை. அப்படியிருந்தும் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் மாறி மாறி இயங்கின. இடம், வலம், இடம், வலம் என்ற நடையின் தாளத்தைப் பிறப்பிக்கும் நரம்புச் சுற்று முண்ணாணுக்குள்ளேயே இருக்கிறது என்று அன்று தெரிந்தது. மூளை "நட" என்றும் "நில்" என்றும் சொல்கிறது, திசையையும் சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடியிலும் எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும் என்பது முண்ணாணின் பொறுப்பு.

மிருக வைத்தியரின் மேசையில் இந்த அறிவு உடனே வேலைக்கு வருகிறது. முடங்கிய நாயின் பின்னங்கால் விரலை வைத்தியர் இடுக்கியால் அழுத்துவார். கால் வெடுக்கென்று உள்ளே இழுபடும். கொண்டுவந்தவர் முகம் மலர்ந்து, "பாருங்க டொக்டர், உணர்ச்சி இருக்கு" என்பார். வைத்தியரின் கண்ணோ காலில் இருக்காது; நாயின் முகத்தில் இருக்கும். கால் இழுபட முண்ணாண் மட்டும் போதும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? அப்படி ஏதாவது செய்தால்தான் வலி மூளைவரை போயிருக்கிறது என்று பொருள். ஆழ்ந்த வலி தெரிகிற நாய் மறுபடி நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. முள்ளந்தண்டு முறிந்து அந்த வலியும் அற்றுப்போன நாய் தன் விருப்பத்துக்குக் காலை அசைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் தன் விருப்பமில்லாத நடை ஒன்றும் இருக்கிறது. முண்ணாண் சேதம் ஆறாது என்று முடிவான 81 நாய்களுக்குத் தீவிர உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுத்த இத்தாலிய மிருக வைத்தியர்கள் 2017 இல் அதன் விளைவை வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் எழுந்து நடந்தன. எடை குறைந்த நாய்களும் இளம் நாய்களும் முந்திக்கொண்டன. அந்தக் கால்களில் உணர்ச்சி திரும்பவில்லை. மூளைக்குப் பாதையும் திறக்கவில்லை. தினமும் நீரிலும் ஓடுபட்டியிலும் பாதத்தை வைத்து வைத்துப் பழக்கியதில், முண்ணாணின் பழைய சுற்றுத் தானே தாளம் பிடித்துக்கொண்டது. முன்னங்கால் நகரும்போது உடல் இழுபடுகிறது, பின்னங்கால் அடியெடுத்து வைக்கிறது. திரும்பும்போது தடுமாறும், சில நேரம் விழும். ஆனாலும் அது நடைதான்.

அறுந்த பாதையையே ஒட்ட முடியாதா என்றும் முயன்றிருக்கிறார்கள். மூக்கின் உட்பகுதியில் மோப்ப நரம்பைச் சுற்றியிருக்கும் ஒருவகைக் கலங்கள், வளரும் நரம்பு இழைகளுக்கு வாழ்நாள் முழுதும் வழிகாட்டுபவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் விபத்தாலோ முதுகு நோயாலோ முடங்கிய 34 வளர்ப்பு நாய்களை எடுத்து, அவற்றில் ஒரு பகுதிக்கு அவற்றின் மூக்கிலிருந்தே எடுத்து வளர்த்த கலங்களை முண்ணாணில் செலுத்தினார்கள். மற்றவற்றுக்கு வெறும் திரவம் மட்டும். எந்த நாய்க்கு எது என்பது மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. 2012 இல் வெளிவந்த முடிவில், கலம் பெற்ற நாய்களின் முன்னங்காலும் பின்னங்காலும் ஓடுபட்டியில் ஒத்து அசைந்தன. காயத்தின் குறுக்கே குறுந்தூர இணைப்புகள் உருவாகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். மூளைவரை போகும் நெடும்பாதை மட்டும் திரும்பவில்லை.

இவ்வளவும் கைகூடாத நாய்க்குச் சக்கரவண்டி இருக்கிறது. நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குவதால், பின்பாகத்தைத் தூக்கிப் பிடிக்க இரண்டு சக்கரம் கிடைத்தால் நாய் ஓடவே தொடங்கிவிடும். பீ.வி.சி. குழாயை வெட்டி ஒட்டி இதை வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். படம் எடுத்துப் பகிர அழகான காட்சி அது. வளர்ப்பவரின் வேலை படத்தில் தெரியாத இடத்தில் இருக்கிறது. முண்ணாண் முறிந்த பல நாய்களால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வயிற்றை இரு கையாலும் பதமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். தவறினால் சிறுநீர்ப்பை வீங்கி, தொற்று ஏற்பட்டு, சிறுநீரகம்வரை போகும். உணர்ச்சியற்ற கால் சீமெந்துத் தரையில் தேய்ந்து புண்ணானாலும் நாய்க்குத் தெரியாது. நம் வெக்கையில் அந்தப் புண்ணில் இலையான் முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழுப் பிடித்துவிடும். வண்டியைப் பூட்டிக்கொண்டு நாயால் படுக்கவும் முடியாது. சிறிது நேரத்தில் கழற்றிவிட வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஏற்பவர்கள் இருக்கிறார்கள். தென்கரையில் மிதிகமைப் பக்கம் 'அனிமல் எஸ்.ஓ.எஸ். ஸ்ரீ லங்கா' நடத்தும் காப்பகம், தலல்லவில் பிரித்தானிய மிருக வைத்தியர் ஜேனி லோவ்ஸ் 2014 இல் தொடங்கிய 'வீகேர் வேர்ல்ட்வைட்' போன்றவை அடிபட்ட தெருநாய்களைத் தூக்கிவந்து சிகிச்சை தருகின்றன. இலங்கைத் தெருவில் கால் முடங்கிய ஒரு நாயை, கடல் கடந்து ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு அழைக்கும் கதை அங்கிருந்து தொடங்கலாம். லண்டனில் இருக்கும் நம்மவர்களும், ஊருக்கு வந்தபோது கண்ட நாயைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். முடங்கிய கால் அதற்குத் தடையில்லை. தடையாக நிற்பது அதே நரம்புப் பாதையில் ஊரும் வேறொன்று.

விசர்நாய்க்கடி வைரஸ் இரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட இடத்தின் தசையிலிருந்து நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பிழை வழியே முண்ணாணுக்கும் அங்கிருந்து மூளைக்கும் மெல்ல ஏறுகிறது. அதனால்தான் கடித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையில் வாரங்களும் மாதங்களும் கழிகின்றன. விசர் பிடித்த எல்லா நாயும் வெறிகொண்டு ஓடிக் கடிப்பதில்லை. சிலது அமைதியாக முடங்கிப்போகும்; பின்னங்காலை இழுக்கும். ஆகவே நம் நாட்டில் காரணம் தெரியாமல் கால் இழுக்கும் நாயைத் தொடுமுன் வைத்தியர் விசரையும் நினைத்துப் பார்ப்பார். நோய்க்குறி தோன்றிய நாய் பத்து நாளுக்கு மேல் தாங்குவது அரிது என்பதால், வாரக்கணக்கில் தின்று குடித்து வால் ஆட்டும் முடங்கிய நாயின் கதை வேறு என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அது போதாது. இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போகும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப் பொருத்தி, பிறகு விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும். ஆகக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே நாயின் இரத்த நீரோடு உயிருள்ள வைரஸைக் கலந்து, வளர்ப்புக் கலங்களின் மேல் விட்டு, இரண்டு நாள் கழித்து ஒளிரும் சாயமிட்டுப் பார்க்கிறார்கள். கலங்களில் வைரஸ் தொற்றாதிருந்தால் இரத்தத்தில் போதிய பிறபொருளெதிரி இருக்கிறது. தேறுவதற்கான அளவு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு. தேறிய நாயும் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தடுப்பூசிக்கு முன்பே வைரஸ் நரம்புக்குள் புகுந்திருந்தால், அங்கே அது ஒளிந்திருக்கும்; இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. அந்த மூன்று மாதத்தில் அது தன்னைக் காட்டிவிடும் என்பதுதான் கணக்கு. அதன் பிறகும் நாய் விமானத்தில் சரக்காகத்தான் போய் இறங்கலாம்.

கனடாவின் கதவு இன்னும் இறுக்கமானது. ஈரானிலிருந்து ஒன்ராறியோவுக்குக் கொண்டுபோன இரண்டு நாய்களுக்கு, 2021 இலும் 2022 தொடக்கத்திலும், விசர் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 செப்டெம்பர் 28 முதல், விசர்நாய் ஆபத்து மிகுந்த நூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து தத்துக்கும் விற்பனைக்குமான நாய்களைக் கனடா ஏற்பதில்லை. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆக, ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கு இங்கிருந்து ஒரு தெருநாயைத் தத்தாக அனுப்ப முடியாது. அவுஸ்திரேலியாவும் இலங்கையிலிருந்து நேரடியாக நாயை எடுப்பதில்லை. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. நோய்க்குறி தோன்றிய பின் இந்த நோயிலிருந்து மனிதர் பிழைப்பது மிக மிக அரிது.

அந்தப் பட்டியலிலிருந்து நம் பெயரை எடுக்கும் வழி நம்மிடம்தான் இருக்கிறது. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களைக் கொன்று குவித்து இது வரவில்லை; கொல்வதில்லை என்று அரசு 2006 இலேயே முடிவெடுத்துவிட்டது. கடிபட்டவர்களுக்கு ஊசி, நாய்களுக்கு ஊசி, கருத்தடை ஆகியவைதான் எண்ணிக்கையைக் குறைத்தன. கொழும்பு மாநகரில் 2007 முதல் 'புளூ போ ட்ரஸ்ட்' தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டது. ஒரு நாயை லண்டனுக்கு அனுப்புவது அந்த நாய்க்கு வாழ்வு. ஒழுங்கையில் இருக்கும் மற்ற நாய்களின் நிலையை அது மாற்றாது.

ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று: பயணச் செலவையும் காத்திருப்பையும் தாங்க முடியுமானால் தாராளமாக அழையுங்கள், முடியாவிட்டால் அந்த நாயை இங்கேயே வளர்க்கும் ஒருவரின் மருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு: வீதியில் அடிபட்ட நாயைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வலியில் அது கடிக்கும் என்பதால் வாயைத் துணியால் கட்டி, பழைய சாரத்தில் மெல்ல இழுத்து, பலகையில் கிடத்தி, முதுகு வளையாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து இலவசத் தடுப்பூசிக்கு ஆள் வரும் நாளில் வீட்டு நாயோடு நின்றுவிடாமல், உங்கள் ஒழுங்கையில் நீங்கள் சோறு வைக்கும் நாயையும் பிடித்துக் கொடுங்கள்.