ரோட்டோரம் ஒருவர் சுருண்டு கிடந்தால் ஏன் யாரும் நிற்பதில்லை? உதவினால் போலீஸ் கேஸ் வருமா?

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் பஸ் ஸ்டாண்டையே எடுத்துக்கோங்க. காலேஜ் போகிறவர்கள், தறிப்பட்டறை வேலை முடிந்து வருகிறவர்கள் என்று ஆள் நடமாட்டத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே அழுக்கு வேட்டியோடு ஒரு பெரியவர் சுருண்டு கிடந்தால் என்ன நடக்கும்? "குடிச்சிட்டுக் கிடக்கான், விடு" என்று யாராவது சொல்வார்கள். அதற்குள் பஸ் வந்துவிடும்.

அதே ஆள் இஸ்திரி போட்ட சட்டையோடு விழுந்திருந்தால் நாலு பேர் சோடா வாங்க ஓடியிருப்பார்கள். சென்னையிலும் இதே கதைதான், மும்பையிலும் இதே கதைதான்.

கூட்டம் கூடினால் உதவி குறையுமா?

1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததாக 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று பின்னாளில் அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல ஒலிபரப்பினார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனே தகவல் சொன்னார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 சதவீதமாகச் சரிந்தது. 'வேற யாராவது பார்த்துக்குவாங்க' என்று ஒவ்வொருவரும் நினைத்ததுதான் காரணம்.

அதற்காக மனுஷங்களே மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா சிசிடிவி பதிவுகளை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. தெருச்சண்டைகளில் 10-க்கு 9 சம்பவங்களில் யாராவது ஒருவராவது குறுக்கே போய் உதவியிருக்கிறார்கள். சண்டை என்றால் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. சத்தமில்லாமல் கிடப்பவர் விஷயத்தில் அது தெரிவதில்லை.

'குடிகாரன்' என்ற அவசர முடிவு

உயிரை வாங்குவது பெரும்பாலும் இந்த முடிவுதான். ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கினால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், வியர்த்துக் கொட்டும். வெயில் தாக்கினாலும் பேச்சு தடுமாறும். வலிப்பு வந்து ஓய்ந்தவரும் கொஞ்ச நேரம் மயங்கித்தான் கிடப்பார். பக்கவாதமும் அப்படித்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாமே 'போதை'. ஒருவேளை நிஜமாகவே குடித்திருந்தால்கூட, மல்லாந்து கிடப்பவர் வாந்தி தொண்டையை அடைத்து இறந்துபோகலாம்.

தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றக் கூடாது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. மூச்சே இல்லையென்றால் 108-க்குப் போன் செய்து, அவர்கள் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்த வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிடுமா?

நிறைய பேரின் பயம் இதுதான். சாலை விபத்தில் உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிமுறைகள், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக வந்தன. பெயர், முகவரி சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

பசியிலோ நோயிலோ கிடப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் 108-க்கு ஒரு போன் செய்வது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டு மருத்துவமனை திருப்பி அனுப்பவும் முடியாது. உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை, மற்ற சம்பிரதாயங்கள் பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனநலம் பாதித்து அலைபவர் என்றால்?

இங்கே போலீசுக்குத்தான் கடமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 100-வது பிரிவின்படி, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவராக எஃப்ஐஆர் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சங்கிலியால் கட்டிப்போடுவதையும் இதே சட்டம் தடை செய்கிறது.

பிச்சை எடுப்பவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். தமிழ்நாட்டில் 1945-ம் ஆண்டு பிச்சை தடுப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், அங்கு பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை ரத்து செய்தது. வேறு வழியில்லாமல் கையேந்துகிறார்கள், இதை மேட்டுக்குடிப் பார்வையில் பார்க்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

யாருக்குப் போன் செய்வது?

மயக்கம், காயம் என்றால் 108. ஆதரவற்ற முதியவர் என்றால் 14567, இது காலை 8 முதல் இரவு 8 வரை. குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181. போலீசுக்கு 112. போனில் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று மட்டும் சொன்னால் வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் கடை எதிரில், எந்த ஊர் போகும் ரோடு, ஆள் பேசுகிறாரா, மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். பக்கத்தில் கூட்டம் நின்றால் "யாராவது வாங்க" என்று கத்தினால் ஒருத்தரும் நகர மாட்டார்கள். "அண்ணா, நீலச் சட்டை, நீங்க இவரைக் கொஞ்சம் நிழலுக்குத் தூக்க வாங்க" என்று ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிடுங்கள், வருவார்.