பரணில் இருப்பது ஒரே ஒரு பிரதி! 8 எம்.எம். ஃபிலிமைக் காப்பாற்ற வீட்டிலேயே ஒரு மெஷின்

பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்கிறீர்கள். பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தால் உள்ளங்கை அளவில் ஒரு ஃபிலிம் ரீல். கூடவே குப்பென்று வினிகர் வாடை. "இதைப் போட்டுப் பார்க்க மெஷினே இல்லையே, தூக்கிப் போட்டுடலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ரீலில் தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் இருக்கலாம். ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் பாட்டி போட்ட கோலம் இருக்கலாம். உலகத்தில் அதற்கு வேறு பிரதியே கிடையாது என்பதுதான் விஷயம்.

நெகட்டிவ் எங்கே?

8 எம்.எம். ஃபிலிமை 1932-ல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்தது. 1965-ல் அதன் அடுத்த வடிவமான 'சூப்பர் 8' வந்தது. சினிமாக்காரர்கள் பயன்படுத்தும 35 எம்.எம். ஃபிலிமோடு ஒப்பிட்டால் இது சுண்டைக்காய். அதில் ஒரு படத்தின் அகலம் 5.8 மில்லிமீட்டர், உயரம் 4 மில்லிமீட்டர். 50 அடி ரீலில் இப்படி 3,600 படங்கள். நொடிக்கு 18 படம் என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடியில் ரீல் முடிந்துவிடும்.

சினிமாவில் முதலில் நெகட்டிவ் எடுப்பார்கள். அதிலிருந்து எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் போடலாம். வீட்டுக்காரர்கள் வாங்கியதோ பெரும்பாலும் 'ரிவர்ஸல்' ஃபிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமைக் கழுவி, அதையே நேராக புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கலாம். செலவு குறைவு. ஆனால், நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. பரணில் கிடக்கும் ரீல்தான் மூலமும் பிரதியும்.

அந்த வினிகர் வாடை ஓர் எச்சரிக்கை மணி. ஃபிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் அசிடேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். வெளியான அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் தொற்றும். ஃபிலிம் சுருங்கும், வளையும், கடைசியில் அப்பளம்போல ஒடியும். சென்னை வெயிலும் பரண் சூடும் இதற்குத் தோதான இடம். எனவே, நகல் எடுக்கும் வேலைக்குக் கெடு உண்டு.

ஓர் ஆறுதல்... பழைய 35 எம்.எம். நைட்ரேட் ஃபிலிம்போல இது தீப்பிடித்து எரியாது. வீட்டில் புழங்குவதற்கென்றே வந்ததால், 8 எம்.எம்., 16 எம்.எம். ஃபிலிம்களை ஆரம்பம் முதலே எளிதில் தீப்பற்றாத 'சேஃப்டி' ரகத்தில்தான் தயாரித்தார்கள்.

பிரதிதான் உயிர்

பிரதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். இன்று அதில் ஓர் அடி ஃபிலிம்கூட மிஞ்சவில்லை.

மறுபக்கம் ஏ.கே.செட்டியாரின் கதை. கோட்டையூரைச் சேர்ந்த இவர், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகள் அலைந்தார். யார் யாரோ எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடித் தேடி நகல் வாங்கினார். சுமார் 50,000 அடி சேர்ந்தது. 1940-ல் படம் வெளியானது. பிறகு அந்தப் படமே காணாமல் போனது. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுருக்கமான ஆங்கில வடிவத்தை வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி கண்டுபிடித்தார். எங்கோ ஒரு பிரதி இருந்ததால்தான் இந்த அளவுக்காவது கிடைத்தது.

காந்தி படத்துக்கே இந்தக் கதி என்றால், நம் பாட்டி படத்துக்கு யார் பிரதி வைத்திருக்கப் போகிறார்கள்?

முகத்துக்கு முகம் இரண்டு மெஷின்

ஃபிலிமிலிருந்து நகல் எடுக்கும் மெஷினுக்கு 'ஆப்டிகல் பிரின்டர்' என்று பெயர். பெயர்தான் பெரிது, தத்துவம் சின்னது. ஒரு பக்கம் புரொஜெக்டர், எதிர்ப்பக்கம் கேமரா, நடுவில் ஒரு லென்ஸ். புரொஜெக்டரில் ஒரு படம் வந்து நிற்கும். கேமரா அதை ஒரு க்ளிக் எடுக்கும். புரொஜெக்டர் அடுத்த படத்துக்கு நகரும். மீண்டும் ஒரு க்ளிக். அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முன் சினிமாவில் 'ஆப்டிகல்' என்றாலே இந்த மெஷின் வேலைதான். ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி விரிவது, ஓடும் காட்சியின் மேல் டைட்டில் எழுத்துகள் வருவது எல்லாம் இதன் உபயம். ஹாலிவுட்டில் 'கிங் காங்' (1933), 'சிட்டிசன் கேன்' (1941) படங்களில் இந்த வித்தையைக் காட்டியவர் லின்வுட் டன். பிறகு அவர் உருவாக்கிய 'ஆக்மி-டன்' பிரின்டருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

அது ஸ்டுடியோக்களுக்கான பெரிய மெஷின். அமெரிக்காவில் ஜாக்கோ குர்ஹி என்பவர், மேஜை மேல் வைக்கும் அளவுக்கு அதைச் சுருக்கி 'ஜே.கே.' பிரின்டராகச் செய்தார். 8, 16 எம்.எம். ஃபிலிமோடு மல்லுக்கட்டும் கலைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் அது வரப்பிரசாதமானது. அது வாங்க வசதியில்லாதவர்கள், பழைய புரொஜெக்டரையும் கேமராவையும் பலகையில் முடுக்கி வீட்டிலேயே செய்துகொண்டார்கள். இந்தக் காலத்தில் மேத்யூ எப்லர் என்ற அமெரிக்கர், 'கினோகிராஃப்' என்ற பெயரில் சொந்தமாகச் செய்துகொள்ளும் ஃபிலிம் ஸ்கேனரின் வடிவமைப்பை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்.

அம்பத்தூருக்கு இது அந்நியமா?

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் தலைமுறை தலைமுறையாக டர்னர், ஃபிட்டர்களை வளர்த்த மண் இது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் அளந்து பழகிய கைகளுக்கு இந்த மெஷின் பெரிய சவால் இல்லை. லேத், டிரில்லிங் வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட். மோட்டார், சுவிட்ச், எல்.இ.டி. வாங்க ரிச்சி தெரு. செய்ய வேண்டியவை இவைதான்.

*புரொஜெக்டர்:* ஓடாத பழைய சூப்பர் 8 புரொஜெக்டர் போதும். ஆனால், ஃபிலிமை இழுக்கும் கொக்கியும், ஃபிலிம் வந்து நிற்கும் 'கேட்' பகுதியும் நன்றாக இருக்க வேண்டும். சூடான பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி.யும், அதன் முன்னால் பால் நிற அக்ரிலிக் துண்டும் வையுங்கள். படம் நிற்கும்போது பல்பின் சூடு ஃபிலிமைப் பொசுக்கிவிடும், எல்.இ.டி. அப்படிச் செய்யாது. சுழலும் ஷட்டர் தகட்டையும் எடுத்துவிடலாம்.

*மோட்டார்:* கொக்கியை இயக்கும் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு படம் நகரும். அதை மெதுவாகச் சுற்ற ஒரு ஸ்டெப்பர் மோட்டார் தேவை. தண்டில் ஒரு சின்ன காந்தமும் பக்கத்தில் ஒரு சென்சாரும் வைத்தால், படம் வந்து நின்றதும் கேமராவுக்கு 'எடு' என்று சிக்னல் போகும்.

*கேமரா:* அந்தக் காலத்தில், ஒவ்வொரு படமாக எடுக்கும் வசதி கொண்ட 16 எம்.எம். போலெக்ஸ் கேமராவை எதிரில் வைப்பார்கள். ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்கே நகல் போகும். இன்று ஒரு டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமரா அந்த வேலையைச் செய்துவிடும்.

*லென்ஸ்:* 5.8 மில்லிமீட்டர் படம், 23.5 மில்லிமீட்டர் சென்சாரை நிரப்ப வேண்டும். அதாவது, நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். போட்டோ ஸ்டுடியோக்களில் பிரின்ட் போடப் பயன்பட்ட 50 எம்.எம். என்லார்ஜர் லென்ஸைத் திருப்பி மாட்டினால் பிரமாதமாக வேலை செய்யும். ஃபிலிமிலிருந்து லென்ஸுக்குச் சுமார் 62 மில்லிமீட்டர், லென்ஸிலிருந்து சென்சாருக்குச் சுமார் 250 மில்லிமீட்டர். மொத்தம் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். நடுவில் வெளிச்சம் புகாத பெல்லோஸோ கறுப்புக் குழாயோ போட வேண்டும்.

*படுக்கை:* இவை எல்லாவற்றையும் தாங்கும் அடித்தளம்தான் லேத் பட்டறையின் பங்கு. பிளைவுட் வேண்டாம், அது மழைக்காலத்தில் உப்பும். தடிமனான அலுமினியம் தகடோ இரும்புச் சேனலோ நல்லது. கேமரா முன்னும் பின்னும் நகர ஒரு ரெயிலும், நுணுக்கமாக நகர்த்த ஒரு திருகும் வேண்டும்.

அசையாமல் நிற்பதே வித்தை

லென்ஸ்தான் முக்கியம் என்று புதிதாக இறங்குகிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில், ஃபிலிம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு படம் 0.05 மில்லிமீட்டர் மேலே தள்ளி நின்றுவிட்டது. ஏ4 தாளின் தடிமனில் பாதிதான். ஆனால், படத்தின் உயரமே 4 மில்லிமீட்டர் என்பதால், 32 இன்ச் டி.வி.யில் அது 5 மில்லிமீட்டர் குதியாகத் தெரியும். படத்துக்குப் படம் இப்படிக் குதித்தால் பாட்டியின் முகம் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஃபோகஸும் அப்படித்தான். எஃப் 4-ல் வைத்தால், கூர்மையாக விழும் ஆழமும் அதே 0.05 மில்லிமீட்டர் அளவுதான். ஃபிலிம் லேசாக வளைந்தாலே ஓரம் மங்கிவிடும்.

அதனால் கேட்டில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். கொக்கி தேய்ந்திருக்கக் கூடாது. ஃபிலிமை அழுத்தும் தகட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கக் கூடாது. பக்கவாட்டில் தள்ளும் ஸ்பிரிங் ஃபிலிமை ஒரே ஓரத்தில் அணைக்க வேண்டும். கேட் நின்ற பிறகு ஒரு கணம் பொறுத்துத்தான் க்ளிக். ரயில் பாதைக்கும் சி.டி.எச். சாலைக்கும் பக்கத்தில் வீடு என்றால், மெஷினின் கால்களுக்கு ரப்பர் போட்டு, லாரியும் ரயிலும் அடங்கிய ராத்திரியில் வேலை பாருங்கள்.

நொடிக்கு ஒரு படம் என்றால் 3,600 படங்களுக்கு ஒரு மணி நேரம். மூன்றே கால் நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் அதிகம்தான். ஆனால், இது ஒரு முறை செய்யும் வேலை.

தொடும் முன்...

உண்மையான ரீலை முதல் நாளே மெஷினில் ஏற்றாதீர்கள். ஒன்றுக்கும் உதவாத ஃபிலிமை நூறு தடவை ஓட்டிப் பார்த்து, கீறல் விழவில்லை என்று உறுதியானபின் ஏற்றுங்கள். சுருங்கிப்போன ஃபிலிமில் ஓரத் துளைகளின் இடைவெளி மாறியிருக்கும், கொக்கி மாட்டினால் கிழியும். வினிகர் வாடை கடுமையாக இருந்தால், அல்லது ஃபிலிம் வளைந்து முறுகியிருந்தால், அனுபவமுள்ள லேபிடம் கொடுப்பதே நல்லது.

தூசியைத் தண்ணீரால் துடைக்கக் கூடாது. படம் தங்கியிருக்கும் ஜெலட்டின் ஊறிப்போகும். நூல் பிரியாத மென்மையான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு லேசாகத் துடைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை மேற்குப் புறநகர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2005-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கத்ரீனா புயல் வெள்ளம் ஹெலன் ஹில் என்ற பெண் இயக்குநரின் வீட்டுக்குள் புகுந்து அவருடைய ஃபிலிம்களை மூழ்கடித்தது. கையால் ஃபிலிம் செய்யும் முறைகளைத் தொகுத்து 'பேரழிவுக்கான சமையல் குறிப்புகள்' என்ற பொருளில் கையேடு போட்டவர் அவர்! எனவே, ரீல்களைத் தரையோடும் வைக்காதீர்கள், பரணிலும் வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, காய்ந்த அலமாரி எதுவோ அதில் வையுங்கள். வாடை வரும் ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கியபடியே சீக்கிரம் லேபுக்குக் கொண்டுபோங்கள்.

நகல் எடுத்ததும் மூல ரீலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் செத்துப்போகும். இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். செட்டியார் படம் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இந்த வீட்டு ஃபிலிம்களில் பெரும்பாலானவற்றுக்குச் சத்தம் கிடையாது. படத்தை டி.வி.யில் போட்டு, வீட்டின் மூத்தவரை எதிரில் உட்கார வைத்து, செல்போனில் ரெக்கார்டரைத் தட்டிவிடுங்கள். "இது உங்க பெரியத்தை... இந்தச் சட்டை நான் தச்சது..." என்று அவர் சொல்லச் சொல்லப் பதிவாகட்டும். ஃபிலிமையாவது மெஷின் நகலெடுக்கும். அந்த நினைவுக்கு இருப்பதும் ஒரே பிரதிதான்.