ஃப்ளூ ஊசி: யாருக்கு, எந்த மாசத்துல?

"சளிக்கெல்லாமா ஊசி?" என்று வடசேரியில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. சளிக்கு இல்லை, இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு. அது வந்தால் திடீர்னு காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி. இளவட்டம் ஒரு வாரத்தில் எழுந்துவிடும். சர்க்கரை உள்ள 70 வயசு ஆச்சிக்கு அது நிமோனியாவாகலாம். நுரையீரலோடு நிற்பதும் இல்லை. கனடாவின் ஒண்டாரியோவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியானவர்களுக்கு முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்காக இருந்தது. நம்ம தெருவில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத வீடு எத்தனை?

உலக சுகாதார நிறுவனம் முன்வரிசையில் வைப்பது கர்ப்பிணிகள், வயதானவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகள், மருத்துவப் பணியாளர்கள். கர்ப்பிணியை ஏன் சேர்த்தார்கள்? 6 மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அம்மாவுக்குப் போட்டால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும், பிறந்து சில மாதம் வரை காக்கும்.

வருஷா வருஷம் எதுக்கு? வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, போட்ட ஊசியின் பலனும் சில மாதங்களில் குறைகிறது. வட அரைக்கோளத்துக்கான கலவையை பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கானதை செப்டம்பரிலும் முடிவு செய்கிறார்கள். சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், ரிலீஸுக்கு ஆறு மாதம் முன்பே கோடை ஃப்ரீஸ் செய்வது. நடுவில் வைரஸ் அப்டேட் ஆகிவிட்டால் பொருத்தம் குறையும். நன்றாகப் பொருந்திய வருஷத்திலேயே 40-60% பாதுகாப்புதான். எனக்கு அது போதும். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கை வலியும் ஒருநாள் லேசான காய்ச்சலும் வரலாம்.

மாசம்தான் குழப்பம். இணையத்தில் தேடினால் அமெரிக்கக் குளிர்காலக் கணக்கு வந்து நிற்கும். இந்தியாவுக்குள்ளேயே அது ஒன்றல்ல. ஸ்ரீநகரில் உச்சம் ஜனவரி-மார்ச், டெல்லியில் தென்மேற்குப் பருவமழைக் காலம், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர்-நவம்பர். நமக்கு வழிகாட்டி பனி இல்லை, மழை. குமரி மாவட்டத்துக்கோ ரெண்டு மழையும் உண்டு! சென்னைக் கணக்கை ஒட்டி, ஐப்பசி மழைக்கு முன் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. பெரும்பாலும் தனியார் கிளினிக்கில் கைக்காசு போட்டுத்தான் போட வேண்டும். பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2024/2025 மாதிரி இரட்டை வருஷம் இருந்தால் அது வட அரைக்கோளத்துக்கானது. முன்பு இதே ஊசியால் கடும் அலர்ஜி வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் போடக்கூடாது.

ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும். 9 வயசுக்குக் கீழே முதல்முறை போடும் பிள்ளைக்கு 4 வாரம் விட்டு இரண்டு டோஸ் வேண்டும். ஆக, ஆவணி பிறந்ததுமே முதல் டோஸ் போட்டால்தான் கணக்கு சரியாக வரும்.