சமையல் புத்தகம் வாங்குமுன் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள்



"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப ஆறு மணி ஆயிடுது. தினமும் அதே குழம்பு, அதே ரசம். பிள்ளைங்க முகத்தைச் சுளிக்குதுங்க. சீக்கிரமா, புதுசா என்னதான் செய்யிறது?"

திருநள்ளாறு பகுதிக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சனிக்கிழமை கோயில் வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சிரமம். முடியாத நாளில் பரோட்டா பார்சல்தான். நான்கு பேருக்குப் பார்சல் வாங்கும் காசில் ஒரு சமையல் புத்தகமே வாங்கலாம். ஆனால் எந்தப் புத்தகம்?

தமிழில் மிகவும் பெயர் பெற்றது எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. 1951-இல் வந்தது. உறவினர்கள் ஓயாமல் செய்முறை கேட்டதால் எழுதத் தொடங்கினார். சமையலே தெரியாத பெண்ணும் செய்யும்படி அளவோடு, வரிசையாகச் சொன்னார். ஆனால் அன்றைய அளவு ஆழாக்கு, பலம். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் சுமார் 35 கிராம். மேலும் அது சைவ சமையல். மீன் குழம்பு இருக்காது. ஆகவே எவ்வளவு நல்ல புத்தகமானாலும் நம் அடுப்படிக்கு ஒத்துவருமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கடையில் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. சாமான்: பெரும்பாலானவை நம் வீட்டில் இருக்கிறதா? ஊர் மளிகைக் கடையில் கிடைக்குமா?

2. அளவு: டம்ளர், ஸ்பூன், கிராம் கணக்கும், எத்தனை பேருக்கு என்பதும் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் 'தேவையான அளவு' என்று போட்டிருந்தால் புதிதாகச் செய்பவர் என்ன செய்வார்?

3. நேரம்: 'பத்து நிமிடம்' என்பதில் ஊறவைப்பது, அரைப்பது, நறுக்குவது சேர்ந்ததா?

4. சத்து: கீரை, பயறு, முட்டை, சின்ன மீன் இருக்கிறதா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. எண்ணெய்ப் பலகாரம் மட்டுமே உள்ள புத்தகம் தினசரிச் சமையலுக்கு உதவாது.

5. எழுத்து: படிக்கத் தெரியாத அக்காவுக்கு மகள் வாசித்துக் காட்டினால் உடனே புரியுமா?

ஒவ்வொருவரும் தனியாக வாங்க வேண்டியதில்லை. தீர்மானம் போட்டுக் குழுவுக்கு ஒரு புத்தகம் வாங்கலாம். வாரம் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு பதார்த்தம் செய்து பாருங்கள். எது நன்றாக வந்தது, எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் என்று கூட்டத்தில் சொல்லுங்கள். வீட்டார் "இன்னொரு தடவை செய்" என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளம் வையுங்கள்.

இன்னொன்று. புத்தகத்தில் இல்லாத கைப்பக்குவம் நம்மிடமே நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரைப் பொரியல், மத்திக் குழம்பு, பச்சைப்பயறு கடையல் என்று அரை மணியில் முடிகிறதை அளவோடு எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத வராதவர் சொல்ல, மற்றவர் எழுதட்டும். குழு நோட்டு ஒன்று சேர்ந்துவிட்டால், நம் ஊருக்கு ஏற்ற சமையல் புத்தகம் அதுதான்.