வழி விலகிய சொற்கள்

கணினித் திரையிலும் பணம் வழங்கும் இயந்திரத்திலும் அடிக்கடி நம் கண்ணில் படும் ஆங்கிலச் சொல் 'எரர்'. பிழை என்று பொருள். ஆனால், இச்சொல்லுக்கு வேரான 'எராரே' என்னும் லத்தீன் வினைச்சொல்லின் முதற்பொருள் அலைதல், திரிதல் என்பதாகும். வழியறியாது அலைபவர் சேர வேண்டிய இடத்தைச் சேர்வதில்லை. ஆகவே, அலைதலே பிழையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இதைப் போன்ற சொற்கள் ஆங்கிலத்தில் பல உள்ளன. நோயின் கடுமையால் ஒருவர் நினைவு தடுமாறிப் பிதற்றுவதை மருத்துவர்கள் 'டெலிரியம்' என்பர். லத்தீனில் 'லீரா' என்பது உழவுச்சால். ஏர், சாலிலிருந்து விலகிச் செல்வதே மனம் பிறழ்வதற்கு உவமையாயிற்று. 'டீவியேஷன்' என்பதற்குள் வழியைக் குறிக்கும் 'வியா' இருக்கிறது. எல்லையைக் கடந்து செல்வதைக் குறித்த 'டிரெஸ்பாஸ்', அத்துமீறலையும் பாவத்தையும் சேர்த்தே குறித்தது. தமிழிலும் 'நெறி' என்பது வழி, ஒழுக்கம் ஆகிய இரண்டையும் உணர்த்துவதால், 'நெறி தவறியவர்' என்னும் தொடர் நமக்கும் புதிதன்று.

இச்சொற்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இவையெல்லாம் பாதையில் நிற்பவர்களின் பார்வையில் பிறந்தவை. விலகிச் செல்பவருக்கும் ஒரு பாதை இருக்கக்கூடும் என்பதற்கு இவற்றில் இடமில்லை.

அறிவியல் அந்த இடத்தை உண்டாக்கியது. கோளைக் குறிக்கும் 'பிளானட்' என்ற சொல், அலைபவர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. விண்மீன்கள் தமக்குள் இடம் மாறாதிருக்க, சில ஒளிப்புள்ளிகள் மட்டும் நகர்ந்தும் சில வேளைகளில் பின்னோக்கிச் சென்றும் பண்டைய மக்களைக் குழப்பின. அவை நீள்வட்டப் பாதையில் ஒழுங்காகவே செல்கின்றன என்று செவ்வாயை ஆராய்ந்த கெப்ளர் 1609-இல் காட்டினார்.

விண்மீன் ஒன்று எதிர்பாராத திசையில் சிறிதளவு இடம்பெயர்வதை ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி கண்டார். பூமியின் இயக்கமும் ஒளியின் வேகமும் சேர்ந்தே இத்தோற்றத்தைத் தருகின்றன என்று 1729-இல் விளக்கினார். 'அபரேஷன்', அதாவது பிறழ்வு, என்று பெயர் பெற்ற அதுவே, பூமி சூரியனைச் சுற்றுவதற்கு நேரடிச் சான்றாயிற்று.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அங்கே சம்பந்தமின்றிக் கிடந்த கருங்கல் பாறைகளை 'எராட்டிக்', அதாவது அலைந்து திரிபவை, என்றனர். ஆல்ப்ஸ் மலையிலிருந்து பனியாறுகள் சுமந்து வந்தவை அவை. பனியூழிக் காலம் ஒன்று இருந்தது என்னும் முடிவுக்கு லூயி அகாசி போன்றோர் வர, அப்பாறைகளும் துணைபுரிந்தன.

விண்மீனிடமும் பாறையிடமும் காட்டிய பொறுமையை மனிதர்களிடம் யாரும் காட்டவில்லை. நாடோடியைக் குறிக்கும் 'வேகபாண்ட்' என்ற சொல்லும் அலைதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையின் வழிவந்ததே. பிரிட்டன் 1824-இல் இயற்றிய சட்டம், திறந்தவெளியில் படுத்துறங்கி, தம்மைப் பற்றித் தக்க விளக்கம் தர இயலாத ஏழையை அப்பெயரால் வகைப்படுத்திச் சிறைக்கு அனுப்பியது. வீடின்மை அங்கே குற்றமாயிற்று.

இந்தியாவில் அந்த ஆட்சி 1871-இல் குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர் ஊராகச் சென்று பிழைத்த பல சமூகங்கள், பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பதிவு செய்யப்பட்டன. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்தையும் எட்டியது. உப்பும் தானியமும் சுமந்து சென்று விற்றவர்களுக்கும் கால்நடை மேய்த்தவர்களுக்கும் அவரவர் தடமும் பருவமும் இருந்தன. அவற்றை அறிய அதிகாரிகள் முயலவில்லை. 1952 ஆகஸ்ட் 31-இல்தான் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது.

சட்டம் நீங்கினாலும் அந்தப் பார்வை முற்றிலும் நீங்கிவிட்டதாக நான் கருதவில்லை. நிலையான முகவரி இல்லாதவர்களுக்கு அடையாளச் சான்று பெறுவது இன்றும் எளிதன்று. ஓரிடத்தில் தங்காதவரை ஐயத்தோடு நோக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஒருவரை வழி தவறியவர் என்று முடிவு கட்டுமுன், அவர் செல்லும் வழி எது என்று கேட்டறிவதே முறை. பாறைக்குக் கிடைத்த அந்த நியாயம் மனிதருக்கும் கிடைக்க வேண்டும்.